லோகிதாசனை எழுப்பியவள்

ஊர் திரும்பி இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. பையைக்கூடப் பிரிக்கவில்லை. கும்பகோணம் பக்கம் எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதித் தருவதாகத் தங்கையிடம் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த பஸ் நடத்துனர்தான். அவர் கணக்கைத் தீர்த்துவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கினேன். நான் போக வேண்டியது திருபுவனம். மயிலாடுதுறை சாலையில் எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் 400 ரூபாய் என்றார். மொத்தப் பயணத்தையும் 2,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று எண்ணி எடுத்து வந்தவளுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். நகரப் பேருந்துக்குக் காத்திருந்திருக்க வேண்டும். பெண்களுக்கு 2021 முதல் அதில் கட்டணமே கிடையாது. அவசரத்தில் புறப்படத் தயாராக இருந்த வெளியூர் பஸ் ஒன்றில் ஏறிவிட்டேன். "திருபுவனம் நிற்குமா?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டேன். நடத்துனர் தலையை ஆட்டினார், டிக்கெட்டும் கிழித்தார். திருபுவனம் கோபுரம் சன்னல் வழியாக வந்தது, போனது. பஸ் நிற்கவில்லை. எழுந்து கத்தினேன். "ஆடுதுறையில்தான் நிற்கும், உட்காருங்கள்" என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். இடைநில்லா வண்டி என்று ஒரு பலகை மாட்டியிருந்தால் நான் ஏறியே இருக்கமாட்டேன்.

ஆடுதுறையில் இறங்கி, எதிர்த்திசையில் ஒரு நகரப் பேருந்தைப் பிடித்துத் திரும்பி வருவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. காசு பெரிதில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்கப் போகிற சிறுவயதுத் தோழி அந்த முக்கால் மணி நேரமும் சாலையோரத்தில் நின்றிருக்கிறாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இறங்கியதும் முகம் தேடவில்லை நான். "வா, லோகிதாசா!" என்று குரல் வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், நரைத்த முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டு, ஒரு கையை உயர்த்தியபடி நின்றாள். ஐம்பது வயதில், நடுச்சாலையில், சேலை முந்தானை பறக்க ஓடினேன்.

இந்தப் பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. மாற்றலாகி, திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். 1986 பங்குனியில் அந்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அரிச்சந்திரன் நாடகம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்; வெட்டவெளியில் கொட்டகை போடுவார்கள். ஊர்க்காரர்களே வேடம் கட்டுவார்கள். வாத்தியார் ஒருவர் வந்து ஒரு மாதம் ஒத்திகை நடத்தினார். அரிச்சந்திரன் மகன் லோகிதாசன் வேடத்துக்குச் சின்னப் பிள்ளை வேண்டும், பாடத் தெரிய வேண்டும், இரவில் அழக்கூடாது. ஒன்பது வயதில் நான் அகப்பட்டேன். தர்ப்பை பறிக்க லோகிதாசனுடன் காட்டுக்குப் போகும் பிள்ளைகளில் ஒருத்தியாக இவள். இவளுடைய அப்பாதான் ஆர்மோனியம். அதனால் நாடகம் முழுவதும் இவளுக்கு மனப்பாடம், எல்லோருடைய வசனமும்.

படுதாவுக்குப் பின்னால் எனக்குக் கால் நடுங்கியது. அரிதாரம் பூசிய முகத்தில் வேர்வை வழிந்தது. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன் பக்கத்தில்தானே வருகிறேன்" என்றாள். வந்தாள். பாம்பு கடித்தது. நான் விழுந்தேன். கதைப்படி அவள் ஓடிப்போய் லோகிதாசனின் தாய் சந்திரமதியிடம் செய்தி சொல்ல வேண்டும், சொன்னாள். அதன் பிறகு மயான காண்டம். நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நீளம் என்று. சந்திரமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்கு வருவாள். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கொடுத்தால்தான் எரிக்கவிடுவேன் என்பான், பெற்ற மகன் என்று அறியாமல் அங்கே காவல் காக்கும் அரிச்சந்திரன். ஒவ்வொரு புலம்பலுக்கும் ஒரு பாட்டு. கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பிணமாகக் கிடந்த நான், விடியப்போகும் நேரம், உண்மையாகவே தூங்கிவிட்டேன்.

சந்திரமதியை வெட்ட ஓங்கிய வாள் பூமாலை ஆனது. சிவபெருமான் தோன்றினார். "எழுவாய் மைந்தா" என்றார். நான் எழவில்லை. மறுபடியும் சொன்னார். ஆர்மோனியம் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. அப்போது இவள், அந்தக் காட்சியில் வேலையே இல்லாதவள், பக்கத் திரையிலிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "லோகிதாசா, எழுந்திரு, சாமி வந்துவிட்டார்!" கண் திறந்தேன். எதிரே சிவன், விளக்கு, ஒரு ஊர் முழுக்கக் கை தட்டுகிறது. அந்த நிமிடத்தை நான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. மறு ஆண்டே அப்பாவுக்கு மாற்றல். முகவரி எழுதிக் கொடுத்த தாள் எங்கோ தொலைந்தது.

போன மாதம் என் அத்தை மகள் கல்யாணப் பட்டு எடுக்கத் திருபுவனம் போனவள், ஒரு நெசவாளர் வீட்டில் பேச்சுவாக்கில் நாங்கள் இருந்த ஊரின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். உள்ளே தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து, "மின்வாரியக்காரர் மகள் ஒருத்தி இருந்தாளே?" என்று கேட்டாளாம். நாற்பது ஆண்டுகள் தொலைந்திருந்தது, இப்படித்தான் கிடைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் தறிதான். குழியில் கால் வைத்து அவள் கணவர் நெய்துகொண்டிருந்தார். நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, தலைக்கு மேலே பூவேலைக்கான ஜக்கார்டு அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. "வாருங்கள், உங்கள் கதை கேட்டே எனக்கு வயதாகிவிட்டது" என்றார். திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசிறி மடிப்பு என்று ஒரு தனி மடிப்பே இந்தச் சேலைக்கு உண்டு. இதெல்லாம் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். கடைகளில் உட்கார்ந்து ஆயிரம் குறை, இரண்டாயிரம் குறை என்று பேரம் பேசுகிறவர்கள் இந்தக் குழியின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நானும் அப்படிப் பேசியவள்தான். இனிமேல் பேசமாட்டேன்.

எனக்கு ஒரு தவிப்பு இருந்தது. சேலை வாங்காமல் வந்தால் தப்பாக நினைப்பாளோ, வாங்கினால் கைக்காசு என்ன ஆவது? அவள் அதைக் கண்டுகொண்டாள். "வியாபாரத்துக்கா உன்னை வரச்சொன்னேன்? சாப்பிட வா" என்று இழுத்துப்போனாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி, இறக்கும்போது எலுமிச்சை பிழிவது. சாம்பாரிலும் சேராது, குருமாவிலும் சேராது. தஞ்சை, கும்பகோணம் பக்கத்தைத் தாண்டினால் கடப்பா என்றால் என்னவென்று கேட்கிறார்கள். ஒன்பது இட்லி தின்றேன். பித்தளை டபராவில் காப்பி. அதற்குப் பிறகு கொழுந்து வெற்றிலை. ஓட்டலில் உட்கார்ந்து 150 ரூபாய் கொடுத்தாலும் அந்த ருசி வராது.

பகலில் கம்பகரேசுவரர் கோயிலுக்குப் போனோம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. சரபேஸ்வரர் சன்னதிக்குத்தான் கூட்டம். எங்களுக்கு மூலவரிடம் வேலை இருந்தது. கம்பம் என்றால் நடுக்கம். நடுக்கத்தைத் தீர்க்கிறவர் என்பது பொருள். "இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் சாமி பெயருக்கு அர்த்தம் சொன்னார்கள். அன்றைக்கு உன் கால் நடுங்கியதுதான் ஞாபகம் வந்தது" என்றாள். அந்தப் பெரிய விமானத்தின் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

வெயில் தாழ அவளுடைய ஸ்கூட்டரில் பழைய ஊருக்குப் போனோம். காவிரியில் மணல்தான், ஜூன் மாதம் மேட்டூர் திறந்தால்தான் தண்ணீர். வயல்களில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். கொட்டகை போட்ட இடத்தில் இப்போது சிமெண்டில் கலையரங்கம் நிற்கிறது. திருவிழாவுக்கு ஆடல் பாடல் நிகழ்ச்சிதான், நாடகம் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார் கோயில் வாசலில் இருந்த பெரியவர். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, உழுகிற கையால் வாள் பிடித்து, ஊரே சேர்ந்து செய்த ஒன்றை, மூன்று மணி நேர ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு விற்றுவிட்டார்கள். அவரிடமே அதைச் சொன்னேன். "உண்மைதான் அம்மா" என்றார். பிறகு இவளைப் பார்த்து, "நீ ஆர்மோனியக்காரர் மகள்தானே? அப்படியானால் இது..." என்று என் பக்கம் திரும்பினார். அவரே சொல்லி முடித்தார்: "எழுந்திருக்காத பிள்ளை!"

இரவு வீட்டில் அந்த ஆர்மோனியத்தை எடுத்தாள். அவள் அப்பா போன பிறகு, கிழிந்த பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள். இரண்டு கட்டைகள் ஒலிக்கவில்லை. அந்த இரண்டு சுரத்தையும் தொண்டையால் நிரப்பிக்கொண்டு சந்திரமதி புலம்பலை வாசித்தாள். அவள் கணவர் தறியை நிறுத்திவிட்டார். நான் அழுதேன், அன்றைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்களைப்போல. பிணமாகக் கிடந்து தூங்கிவிட்டதால் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டது இதுதான் முதல் முறை.

செலவுக் கணக்கு கேட்பாள் தங்கை: 1,340 ரூபாய். கையில் மிச்சம் இருந்ததைத் தோழியின் பேரன் கையில் வைத்தேன், அவள் திட்டினாள்.

கும்பகோணம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்தவள், "தாம்பரத்தில் இறங்க வேண்டும், தூங்கிவிடாதே" என்றாள். சரி என்றேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். விடியுமுன் கைபேசி அடித்தது.

"லோகிதாசா, எழுந்திரு."

வண்டி செங்கல்பட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.