முதல் பரிசு ஏன் அந்த நடுகல் தளத்துக்கு?

சென்ற மாதம் தருமபுரியில் ஒரு கல்லூரியில் நடந்த இணையதள வடிவமைப்புப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். முடிவை அறிவித்தார்கள், கேடயம் கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். முதல் பரிசு பெற்றது, போரில் விழுந்த வீரர்களுக்கு எடுத்த நினைவுக்கற்களான நடுகற்களைப் பற்றிய தளம். அதில் அப்படி என்ன சிறப்பு என்று சொல்ல மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. சிறப்பு விருந்தினர் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கேடயத்தைக் கையில் வாங்கிய பெண்ணுக்கே தான் எதற்காக வென்றோம் என்பது முழுதாகத் தெரிந்திருக்காது. பரிசு கிடைக்காதவர்களுக்கு இன்னும் குறைவாகத்தான் தெரிந்திருக்கும். எனக்கு மனம் ஒப்பவில்லை. மேடையில் சொல்ல நினைத்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

இணையதளங்களுக்காக 1997-இல் தொடங்கிய வெப்பி விருது விழாவில் ஒரு விதி உண்டு. வென்றவர் ஐந்தே சொற்களில் ஏற்புரையை முடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. வென்றவர் சுருக்கமாகப் பேசலாம். அவர் சொல்ல வேண்டியதை அவருடைய தளமே சொல்லிவிட்டது. நடுவர் அப்படி நழுவ முடியாது. ஒரு தளத்தைப் பார்த்துவிட்டு ‘அருமை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர் அதைப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

காரணங்களை எழுதி வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொன்றும் இருக்கிறது. இணையதள வடிவமைப்புக்கான எஃப்டபிள்யூஏ விருதுகள் 2000-இல் தொடங்கின. அதன் தொடக்க ஆண்டுகளில் கொண்டாடப்பட்ட தளங்களில் மிகப் பல, அசையும் தளங்களைச் செய்ய அன்று பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளில் செய்தவை. நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அவை ஒவ்வொன்றும் திறக்கும் வரை காத்திருந்து, வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. அந்தத் தளங்களை இன்று ஒரு சாதாரண உலாவியில் திறந்து காட்ட முடியாது. அவற்றில் எது அழகாக இருந்தது, ஏன் அழகாக இருந்தது என்று அன்று யாராவது எழுதி வைத்திருந்தால் அந்த எழுத்துதான் மிச்சம். கல்லில் செதுக்கியது நிற்கும். திரையில் செய்தது நிற்காது. ஆகவே பார்த்தவர்கள் எழுத வேண்டும்.

இனி போட்டிக்கு வருகிறேன்.

நடுவர்கள் மூன்று பேர். ஓசூரில் விளம்பர நிறுவனம் நடத்தும் ஒருவர், கணினித் துறைப் பேராசிரியர் ஒருவர், நான். மதிப்பெண் எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு வந்ததும் ஓசூர்க்காரர் அவ்வ்வார்ட்ஸ் முறையை எடுத்துச் சொன்னார். இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரிதும் மதிக்கும் விருது அது. வடிவமைப்புக்கு 40 விழுக்காடு, பயன்பாட்டு எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. உலகம் முழுவதும் இருந்து வரும் தளங்களை எடைபோட அது நல்ல அளவுகோல்தான். எனக்கு உறுத்துவது அந்தக் கடைசிப் பத்து. உள்ளடக்கத்தைப் பத்தில் ஒரு பங்காகப் பிரித்து வைத்தால், வடிவமைப்பு எதற்காக என்ற கேள்வியே காணாமல் போய்விடுகிறது. இருந்தாலும் வேறு முறையை உருவாக்கிப் பேசி முடிக்க நேரம் இல்லை. அதையே வைத்துக்கொண்டோம்.

நான் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு தளத்தையும் புரொஜெக்டரில் பார்த்த பிறகு, கல்லூரி வைஃபையைத் துண்டித்துவிட்டு, வெளியே புளியமரத்தடியில் நின்று, எங்கள் கைபேசியில் சொந்த டேட்டாவில் ஒரு முறை திறந்து பார்ப்பது. எங்கள் ஊரில் மாம்பழத்தைத் தட்டில் அடுக்கி வைத்த அழகை மட்டும் பார்த்து யாரும் விலை பேச மாட்டார்கள். ஒன்றை அறுத்துப் பார்ப்பார்கள். பேராசிரியர் முதலில் தயங்கினார். பிறகு அவர்தான் எல்லோருக்கும் முன்னால் மரத்தடிக்கு நடந்தார்.

மரத்தடியில் பல கணக்குகள் மாறின. மாங்கூழ் ஏற்றுமதியைப் பற்றிய ஒரு தளம் அரங்கில் பலத்த கைத்தட்டல் வாங்கியிருந்தது. முகப்பு முழுவதும் வீடியோ. மாம்பழங்கள் மெதுவாகத் தண்ணீரில் விழுகின்றன. வெளியே வந்து திறந்தால் வெள்ளைத் திரை. ஒரு பக்கத்தின் முதன்மையான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்று கூகுள் ஓர் அளவு வைத்திருக்கிறது. இது அந்த அளவின் அருகில்கூட வரவில்லை. அந்த மாணவர்களிடம் திறமை இல்லாமல் இல்லை. வீடியோ வந்து சேரும் வரை ஒரு நல்ல படத்தை அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தால், அதுவும் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கும்.

இன்னொன்று ஒகேனக்கல்லைப் பற்றியது. அருவியைப் போலத் தலைப்பின் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழுந்து சேர வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் அனிமேஷனுக்காக எடுத்துப் போட்ட ஜாவாஸ்கிரிப்ட் நிரல்துண்டு ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதியது. ‘ஒகேனக்கல்’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது ஒன்பது குறியீடு. அந்த நிரல் ஒன்பதாகவே வெட்டிவிட்டது. ‘கே’ இரண்டாகப் பிளந்து, ககரம் ஒரு பக்கம் நிற்க, கொம்பு மட்டும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு தனியாக விழுந்தது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதே கதி. தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ப் பெயர் இப்படிச் சிதறி விழுவதைப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. ‘இன்டில் செக்மென்டர்’ என்று உலாவிகளிலேயே ஒரு வசதி இருக்கிறது; உயிர்மெய்யைப் பிரிக்காமல் முழு எழுத்தாக எடுத்துக் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் இழுத்தடித்துக்கொண்டிருந்தது, 2024-இல் அதிலும் வந்துவிட்டது. தமிழில் தளம் செய்கிற ஒவ்வொரு மாணவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வரி இடைவெளியும் அப்படித்தான். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழை வைத்தால், மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘கீ’யின் தலையில் இடிக்கும்.

இப்போது அந்த நடுகல் தளம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆநிரை கவர்ந்த போரிலும் மீட்ட போரிலும் விழுந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் நிற்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவற்றில் மூன்று அடுக்காகச் செதுக்கியவை உண்டு. அந்தக் கற்களைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் போர். நடுவில் தேவமகளிர் இருபுறமும் நின்று வீரனை மேலே அழைத்துச் செல்கிறார்கள். உச்சியில் அவன் சிவலிங்கத்தின் அருகில் இருக்கிறான்.

இந்த மாணவி செய்தது இதுதான்: தளத்தையே கீழிருந்து மேலாகப் படிக்க வைத்துவிட்டாள். திறந்ததும் நாம் நிற்பது பக்கத்தின் அடியில், போர்க்களத்தில். விரலால் இழுக்க இழுக்கப் பார்வை மேலே ஏறுகிறது. கல் நம்மை எப்படிப் பார்க்கச் சொல்கிறதோ அப்படித் திரையும் பார்க்கச் சொல்கிறது. இந்த அமைப்பை எடுத்து ஒரு நகைக்கடைத் தளத்துக்கு வைத்தால் அபத்தமாக இருக்கும். நடுகல்லுக்கு வைத்தால் வேறு எப்படியும் இருக்க முடியாது என்று தோன்றுகிறது. படைப்பாற்றல் என்று நான் நம்புவது இதைத்தான்.

ஓசூர்க்காரர் சரியான கேள்வியைக் கேட்டார்: “இணையத்தில் எல்லோருக்கும் மேலிருந்து கீழே படித்துப் பழக்கம். வருகிறவர் குழம்பிப் போனால் பயன்பாட்டு எளிமைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?” அதனால் தளத்தின் உள்ளே புகுந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க மரியாதை கூடியது.

பக்கத்தை அடியிலிருந்து தொடங்க வைக்க அவள் ஜாவாஸ்கிரிப்டைத் தொடவே இல்லை. பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் கதை நேரான வரிசையில் இருக்கிறது: முதலில் போர், பிறகு பயணம், பிறகு விண்ணுலகம். தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘காலம்-ரிவர்ஸ்’ (column-reverse) என்ற ஒரே அமைப்பால் அடுக்கைத் தலைகீழாக்கியிருக்கிறாள். அப்படிச் செய்த பெட்டிக்குள் ஸ்க்ரோல் தானாகவே அடியில்தான் தொடங்கும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பார்வையற்ற ஒருவர், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டால், அவருக்கும் கதை போரிலிருந்துதான் தொடங்கும். கண்ணால் பார்ப்பவருக்கும் காதால் கேட்பவருக்கும் ஒரே வரிசை.

அடுத்தது என்னை அசத்திவிட்டது. கைபேசியில் பக்கத்தின் உச்சியை அடைந்த பிறகு, இன்னும் ஒரு முறை விரலைக் கீழே இழுத்தால் என்ன நடக்கும்? பக்கம் புதுப்பிக்கப்பட்டுவிடும். மற்ற தளங்களில் அது சிறு தொல்லை. இங்கே விண்ணுலகம் வரை ஏறிய வீரன் மறுபடியும் போர்க்களத்தில் விழுந்துவிடுவான். அவள் அதை முன்கூட்டியே யோசித்து, ‘ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்’ என்ற ஒரு வரியைப் போட்டுத் தடுத்திருக்கிறாள். புரொஜெக்டரில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. விரலால் இழுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இதைச் சொன்னதும் ஓசூர்க்காரர் தன் கைபேசியை எடுத்து உச்சிக்குப் போய் இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு பேசாமல் மதிப்பெண்ணைத் திருத்தினார்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் அவளே கைபேசியில் எடுத்தவை. காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரமாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். உச்சி வெயிலில் எடுத்தால் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். பக்கவெயிலில்தான் வீரனின் வாளும் இடுப்புக் கச்சையும் எழுந்து நிற்கும். பக்கத்தின் பின்னணி நிறத்தையும் அந்தக் கல்லின் நிழலிலிருந்தே எடுத்திருக்கிறாள். கல்லின் நிறத்தில் மயங்கி எழுத்தை மங்கலாக்கிவிடவும் இல்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் நெறி. நான் அளந்து பார்த்தேன், தாராளமாகத் தாண்டுகிறது. உடல் எழுத்துக்கு முக்தா மலர் என்ற எழுத்துரு, போதிய வரி இடைவெளியோடு. ஓர் எழுத்துகூட இடிக்கவில்லை.

பேராசிரியருக்கு ஒரு குறை இருந்தது. கற்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் துல்லியமாகக் காட்டாமல் ஊர்ப்பெயரோடு நிறுத்திவிட்டாள் என்று உள்ளடக்க மதிப்பெண்ணில் கை வைத்திருந்தார். அழைத்துக் கேட்டோம்.

“வேண்டுமென்றேதான் விட்டேன் சார். கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று தோண்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் போய்க் கேட்டால் ஊர்க்காரர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்” என்றாள்.

பேராசிரியர் உள்ளடக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்.

இரண்டாம் பரிசைப் பற்றி அரங்கில் முணுமுணுப்பு இருந்தது என்று கேள்விப்பட்டேன். பட்டுக்கூடு விலையைக் காட்டும் ஒரே பக்கத் தளம் அது. படம் இல்லை, அசைவு இல்லை. மாதிரி விலைகளை வைத்து இரண்டு மாணவர்கள் செய்தது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டு வரும் விவசாயி வண்டி ஏற்றும் முன் தெரிந்துகொள்ள விரும்புவது ஒரே ஒரு எண். அந்த எண் கைநீட்டும் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக நிற்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் திறந்தால் கடைசியாகச் சேமித்த விலையைக் காட்டுகிறது. ஆனால் நிறம் மங்கிவிடுகிறது. மேலே ‘நேற்றைய விலை’ என்று தெளிவாக எழுதியும் இருக்கிறது. பழைய தகவலைப் புதியதைப் போல் காட்டாத இந்த நேர்மையை வடிவத்தில் கொண்டுவந்த அந்த இருவரையும் நான் மனதாரப் பாராட்டுகிறேன். முணுமுணுத்தவர்கள் அதை ஒரு முறை விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பார்க்கட்டும்.

கல்லூரியிடம் இரண்டு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். ஒன்று, மதிப்பெண் பங்கீட்டைப் போட்டி அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். என்னைக் கேட்டால் வடிவமைப்புக்கு 30, பயன்பாட்டுக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 20 என்பேன். தமிழ் எழுத்து உடைந்தால் வடிவமைப்பில் பாதி போய்விடும் என்பதையும் சேர்த்தே அச்சிடலாம். மற்றொன்று, கலந்துகொண்ட ஒவ்வொரு தளத்துக்கும் நடுவர்கள் அரைப்பக்கமாவது எழுதிக் கொடுக்க வேண்டும், பரிசு பெறாதவற்றுக்கும் சேர்த்து. மாணவர்கள் இரவெல்லாம் விழித்துச் செய்ததற்கு அரைப்பக்கம் அதிகம் இல்லை.

நடுகல் தளத்துக்கான அரைப்பக்கத்தை முதலில் எழுதி அனுப்பிவிட்டேன். பாராட்டோடு ஒரு குறையும் அதில் இருக்கிறது: ஒரு கல்லின் உச்சிக்கு ஏறிய பிறகு அடுத்த கல்லுக்குப் போக வழி இல்லை, மறுபடியும் அடி வரை இறங்கி வர வேண்டியிருக்கிறது. உச்சியிலிருந்து பக்கவாட்டில் அடுத்த கல்லுக்கு நகர ஒரு வழி கொடுக்கச் சொன்னேன். அவளுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு வீரனும் தனித்தனியே போர்க்களத்திலிருந்துதான் ஏற வேண்டும், உச்சியில் ஒரு பொத்தான் வைத்து அடுத்த கல்லின் அடியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறாள். அவள் சொல்வதே சரி.