பித்தளைக் குடம்

சென்னையில் மூன்று வருடம் ரோட்டோ வேலை பார்த்தேன். திரையில் நடிகர் அசையும்போது அவர் உருவத்தின் ஓரத்தை பிரேம் பிரேமாகக் கோடு போட்டுப் பிரித்துக் கொடுப்பதுதான் அந்த வேலை. ஒரு நொடிக்கு 24 பிரேம். தலைமுடி பறக்கும் ஷாட் வந்துவிட்டால் அதிலேயே பல நாள் போய்விடும். அடுத்தவர் அசைவைச் சுற்றிக் கோடு போட்டது போதும், அசைவை நானே உண்டாக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. 2021 செப்டம்பரில் அனிமேஷன் படிக்கக் கனடாவில் உள்ள வான்கூவர் வந்தேன்.

ஸ்டூடியோக்கள் நிறைந்த ஊர் இது. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் 2014இல் தலைமையகத்தையே கலிஃபோர்னியாவிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டது. இந்த ஊர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு சம்பளச் செலவில் ஒரு பகுதியை வரிச்சலுகையாகத் திருப்பித் தருவது இதற்கெல்லாம் பெரிய காரணம். வேலைக்கான படிவங்களில் ‘போன டிசம்பர் 31 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசித்தீர்களா?’ என்று கேட்டிருந்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. அந்தத் தேதியில் இங்கே குடியிருந்தவர்களின் சம்பளத்துக்குத்தான் சலுகை உண்டு, அதனால் கேட்கிறார்கள். படிக்க வருகிறவர்கள் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பயோடேட்டாவையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அப்பா பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எதுவும் இங்கே கூடாது. மேலே ரீலின் (நாம் செய்த ஷாட்களைக் கோத்த சின்ன வீடியோவின்) இணைப்பு, கீழே தெரிந்த மென்பொருள்கள், ஒரே பக்கம். அவ்வளவுதான்.

2023 ஏப்ரலில் படிப்பு முடிந்தது. மே 2 அன்று ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். அது முடியும்போது நவம்பர் ஆகிவிட்டது. படப்பிடிப்பு நின்றால் சில மாதங்களில் இங்கே கணினிகளும் நின்றுவிடும். ஜூனியர் இடங்களுக்கு ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவர்களே விண்ணப்பித்தார்கள். வேலை இழந்து நின்றவர்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எனக்கு வலித்தது வேறொன்று. சரி, அனிமேஷன் கிடைக்காவிட்டால் தெரிந்த ரோட்டோவிலேயே நுழைவோம் என்று தேடினேன். அந்த வேலை இங்கே அநேகமாக இல்லை. ஒரு காலத்தில் புதியவர்கள் ரோட்டோ, பெயின்ட் (படத்தில் வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் பின்தொடர்வது) என்று தொடங்கித்தான் மேலே ஏறினார்கள். இப்போது அதில் பெரும்பகுதி இந்தியாவுக்குப் போய்விட்டது, நான் எழுந்து வந்த அதே நாற்காலிக்கு. இங்கே உள்ள இளைஞனுக்கு முதல் படி இல்லை, அங்கே உள்ளவனுக்கு அடுத்த படி இல்லை. இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், யாராவது இதைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

வான்கூவரை அடுத்த சர்ரேயில் ஒரு பேஸ்மென்ட்டில் மூன்று பேராகக் குடியிருந்தோம். இரவில் மளிகைக் கடையில் அலமாரி அடுக்குவேன், பகலில் விண்ணப்பிப்பேன். அறுபதைத் தாண்டிய பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு மூத்த அனிமேட்டர் என் ரீலைப் பார்த்தார். பெட்டி தூக்கும் ஷாட்டில் நிறுத்தி, “இந்தப் பெட்டி காலியாக இருக்கிறதே” என்றார். காலி இல்லை, கனமான பெட்டி என்றுதான் நான் செய்திருந்தேன். கனம் பெட்டியில் தெரியாது, தூக்குகிறவர் உடம்பில்தான் தெரியும் என்று விளக்கினார். ரயிலில் திரும்பும்போது, நான் கண்ணால் பார்த்த கனம் எது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அம்மாவின் இடுப்புக் குடம் நினைவுக்கு வந்தது.

ஊரில், கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“எந்தக் குடம் கண்ணு? பித்தளையா, பிளாஸ்டிக்கா?”

அந்தக் கேள்வியிலேயே பாதிப் பாடம் இருந்தது. பித்தளை என்றேன். தம்பி செல்போனில் பிடிக்க, அம்மா வாசலில் நடந்தார். வெறுங்குடம், நிறைகுடம், பிறகு அரைக்குடம். “அரைக்குடந்தான் கண்ணு தொல்லை, நாம நின்னாலும் தண்ணி நிக்காது” என்றார்.

அதை பிரேம் பிரேமாக ஓட்டிப் பார்த்தேன். குடம் ஏறியதும் இடுப்பு ஒரு பக்கம் தள்ளிக்கொள்கிறது, மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, காலியாக உள்ள கை விலகி நிற்கிறது. குடத்தின் பக்கத்துக் கால் தரையில் கொஞ்சம் அதிக நேரம் தங்குகிறது. ரோட்டோவில் பழகிய கண் இதற்குத்தான் உதவியது. நான்கு வாரம் அந்த ஒரு நடைக்கே செலவழித்தேன். துள்ளும் பந்து, பெட்டி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். ஒன்றேமுக்கால் நிமிட ரீல் 50 நொடி ஆனது. குடம் முதலில் வந்தது.

2024 பிப்ரவரியில் ஒரு குழந்தைகள் தொடருக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் ஜூனியர் அனிமேட்டராக எடுத்தார்கள். நேர்காணலில் பாதி நேரம் தண்ணீர் தளும்புவதைப் பற்றியே பேசினோம்.

அம்மாவிடம் சொன்னதும், “எந்த டிவியில வருது?” என்றார். ஒளிபரப்பாகும்வரை தொடரின் பெயரைக்கூட வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

“அப்புறம் வந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“நானே கூப்பிட்டுச் சொல்றேன்மா.”

“சரி கண்ணு. குடத்தை விளக்கி வெச்சிருக்கறேன், வேணும்னா இன்னொருக்கா நடக்கறேன்.”