டாயில் போன தடத்தில்: ஜாஸ்பர் நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, டொராண்டோ

ரயில் கிளம்பிவிட்டது. மடியில் 'வெஸ்டர்ன் வாண்டரிங்ஸ்' கட்டுரைகள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், 1914இல் மனைவி ஜீனுடன் கனடாவின் ஜாஸ்பர் பூங்காவுக்குப் போய்வந்து எழுதியவை. அழைத்தது கனடா அரசு. தனிப்பெட்டி கொடுத்தது கிராண்ட் டிரங்க் ரயில் நிறுவனம். பான்ஃப் என்ற மலையூருக்குப் போட்டி நிறுவனமான கனடியன் பசிபிக் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. புதிய பாதையில் இருந்த ஜாஸ்பரை வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. உலகமே படிக்கும் ஒருவர் எழுதினால் டிக்கெட் விற்கும் அல்லவா?

ஜூன் 9, ஒன்டாரியோ

சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு மூன்றாவது முறையாக நிற்கிறோம். பெட்டிகளை எண்ணத் தொடங்கி, 140இல் விட்டுவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பாறை, ஏரி, மறுபடியும் பாறை. போகும்போது டாயில் இதைப் பார்க்கவில்லை. இந்தத் தூரத்தைப் பேரேரிகளில் கப்பலில் கடந்துவிட்டார்.

ஒரு விஷயம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அவர் அட்லான்டிக்கைக் கடந்த கப்பல் ஒலிம்பிக், டைட்டானிக்கின் உடன்பிறப்பு. ஜாஸ்பர் வழியான கிராண்ட் டிரங்க் பாதையைக் கனவு கண்ட நிறுவனத் தலைவர் சார்லஸ் ஹேஸ், 1912இல் டைட்டானிக்கோடு மூழ்கினார். பாதை முடிந்ததை அவர் பார்க்கவே இல்லை.

ஜூன் 11, ஜாஸ்பர்

விடிந்ததும் மலைகள். பிறகு கரிந்த பைன் மரங்கள், வரிசை வரிசையாக. 2024 ஜூலைத் தீயில் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் போய்விட்டன. ரயில் நிலையம் தப்பியிருக்கிறது. நடைமேடையில் இறங்கியதும் தொண்டை அடைத்தது.

டாயில் இங்கே ஒரு வாரம்போலத் தங்கினார். புதிய பேஸ்பால் மைதானத்தைத் திறக்கச் சொல்லி மட்டையைக் கொடுத்தார்களாம். மெதுவாகத் தட்டுவார் என்று நினைத்து நின்ற புகைப்படக்காரரின் காதை உரசினாற்போலப் பந்து பறந்தது. கிரிக்கெட்காரர் அல்லவா! விளம்பரத்துக்காக வந்தவர் எழுதிய வரிகளில் இத்தனை மகிழ்ச்சி இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதபாஸ்கா பள்ளத்தாக்கின் தடத்தைப் பற்றிய அவருடைய கவிதையும் கூலிக்கு எழுதியதுபோல் இல்லை.

ஜூன் 12

அதபாஸ்கா ஆற்றின் கிழக்குக் கரையில் நெடுநேரம் நடந்து, ஜான் மோபர்லியின் பழைய மரவீட்டைப் பார்த்தேன். டாயில் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை இப்பள்ளத்தாக்கில் அவரைப் போன்ற மேட்டி (பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த மரபினர்) குடும்பங்கள் உழுது, குதிரை வளர்த்து வாழ்ந்தன. பூங்கா வந்ததும் வீடு போன்ற கட்டுமானங்களுக்கு மட்டும் ஈடு கொடுத்து அவர்களை வெளியேற்றினார்கள். நிலத்துக்கு ஒன்றும் இல்லை. ரயில் நிறுவனம் விருந்தாளிக்குக் காட்டிய ஆளற்ற காடு, ஆள்களை அகற்றிய காடு. இது எனக்குக் கோபத்தையே தருகிறது.

சுவரின் மரக்கட்டையைத் தொட்டேன். வெயிலில் வெளுத்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. கட்டைகளில் கோடாலி வெட்டு இன்னும் தெரிகிறது.