உதிரிப் பழம்

2024 ஜூன் 4, செவ்வாய்

இன்று டியூஷனில் சினாப்ஸ், ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் சேதி கொடுக்கிற இடம். நான்காம் படிவம், ஏழு பிள்ளைகள், போர்ச்சுக்குள் மழைச் சாரல். புத்தகத்துப் படத்தை அப்படியே போர்டில் வரைந்தேன். ஒரு நரம்பு செல்லின் நுனி, எதிரே இன்னொரு செல், நடுவே 20 நானோமீட்டர் அளவுக்கு ஒரு சந்து. ஏழு பேரும் போர்டைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

துடைத்துவிட்டுச் செம்பனை மரத்தை வரைந்தேன். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்ப் பிள்ளைகளுக்கு அது போதும். குலை பழுத்தால் பழம் உதிரும். பழம் என்பது நரம்பு நுனி வெளியே விடுகிற ரசாயனம், டோபமின் மாதிரி. உதிர்ந்த பழம் எதிர்ச் செல்லில் அதை வாங்கிக்கொள்கிற ரிசெப்டரில் போய் உட்கார்ந்தால் அதுதான் சேதி. தரையில் பழம் கிடக்கிற வரைக்கும் சேதி போய்க்கொண்டே இருக்கும். சொன்னதையே எவ்வளவு நேரம் சொல்வது? அதற்குத்தான் பொறுக்குகிற ஆள். சாக்கோடு வந்து, பொறுக்கி, புறப்பட்ட செல்லுக்குள்ளேயே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவர் பெயர் டிரான்ஸ்போர்ட்டர். வெளியே விட்ட சரக்கை நரம்பே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று காட்டிய ஜூலியஸ் ஆக்சல்ராடுக்கு 1970 நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

"அப்ப கொக்கேய்ன் என்னா செய்யும் டீச்சர்?" கடைசி வரிசைப் பையன்.

"பொறுக்குற ஆளோட கையப் புடிச்சிக்கும். பழம் தரையிலயே கிடக்கும்."

"சியாபு?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சியாபு என்றால் மெத்தம்ஃபெட்டமின் என்கிற போதைப்பொருள். எங்கள் வரிசை வீடுகளில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாத பிள்ளை இல்லை.

"சியாபு பாக்குறதுக்கு டோபமின் மாதிரியே இருக்கும். பழம்னு நெனச்சி அந்த ஆளே பொறுக்கி உள்ள கொண்டு போயிருவாரு. உள்ள போனதும் ஸ்டோர்ல கட்டி வெச்ச சாக்கையெல்லாம் அவுத்து விட்டுடும். கடைசியில பொறுக்க வந்த ஆளே அள்ளி அள்ளி வெளிய கொட்டுவாரு. குலை பழுக்கணும்னு அவசியமே இல்ல."

"அப்பறம் ஸ்டோர் காலியாயிருமே" என்றாள் முன் வரிசைப் பெண். "அதான் எங்க சித்தப்பா மூணு நாளு தூங்காம சுத்திட்டு நாலாவது நாளு எழுந்திரிக்கவே மாட்டாரு." சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நானும் வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டேன்.

2024 ஜூன் 6, வியாழன்

காலையில் தம்பியின் மோட்டார் பஞ்சர். ஹெராயினுக்கு மாற்றாக அவனுக்கு மெத்தடோன் மருந்து கொடுக்கிற கிளினிக்குக்கு என் காரில் கொண்டுபோய் விட்டேன். நாளைக்கு வெள்ளி, கிளினிக் அடைப்பு என்பதால் நாளைய பங்கையும் போத்தலில் வாங்கிக்கொள்ள வேண்டும். கவுண்டரின் முன்னே நின்று குடிக்கிறான். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறான். பிறகு தன் பெயரைச் சொல்கிறான். மெத்தடோனை வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே துப்பி விற்றுவிடக் கூடாதென்பதற்காகப் பேசச் சொல்கிறார்கள். 38 வயது ஆள் தினமும் காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பெயர் சொல்வதை நான் இன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அரசாங்கம் இந்தத் திட்டத்தை ஆரம்பித்தது 2005இல். தம்பி சேர்ந்தது 2016இல். "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா?" என்று முதலில் கேட்டவள் நான்தான். பயாலஜி டீச்சர்!

ஹெராயின் மூளைக்குள் சடாரென்று போய், மார்ஃபினாக மாறி, மியூ என்கிற ஓபியாய்டு ரிசெப்டரை, அதாவது அபின் வகைச் சரக்கு உட்காருகிற இடத்தை, நிறைத்துவிடும். சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ஏற்றமும் இறக்கமும். இறங்கும்போது கியான்: மூக்கு ஒழுகும், வயிற்றைப் புரட்டும், எலும்புக்குள் குளிரும். மெத்தடோன் உட்காருவதும் அதே ரிசெப்டரில்தான். ஆனால் மெல்ல ஏறும், ஒரு நாள் முழுக்க இருக்கும். அந்த நாற்காலி காலியாவதில்லை, அதனால் கியானும் இல்லை. அளவு சரியாக இருந்தால், அதன் மேல் யாராவது ஹெராயின் கொடுத்தாலும் பெரிதாக ஏறாது.

கசகசாச் செடியின் பாலுக்கு மனித மூளையில் எதற்கு நாற்காலி? ஓபியாய்டு ரிசெப்டர் இருப்பதைக் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் 1973இல் காட்டினார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தெடுத்தார்கள். மூளை தானே தயாரிக்கிற வலி மருந்து அது. நாற்காலி வீட்டுக்காரருக்குப் போட்டது. கசகசா அழையாத விருந்தாளி.

திரும்பும் வழியில் இதைத் தம்பியிடம் சொன்னேன். "இத எட்டு வருசத்துக்கு முன்னால சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

2024 ஜூன் 9, ஞாயிறு

அம்மாவுக்குப் பாக்கு சொக்கிவிட்டது. நெற்றியெல்லாம் வியர்த்து வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நரம்பு விடுகிற இன்னொரு சேதிச் சரக்கான அசிட்டைல்கோலினுக்கு இரண்டு குடும்ப ரிசெப்டர்கள். ஒன்றுக்குக் காளான் விஷமான மஸ்கரின் பெயர், இன்னொன்றுக்குப் புகையிலையின் நிகோட்டின் பெயர். பாக்கிலுள்ள அரிகோலின் முதல் குடும்பத்தைத் தட்டி எழுப்பும். எச்சில் ஊறுவதும் வியர்ப்பதும் அதனால்தான். புகையிலைத் துண்டு இரண்டாவதைப் பார்த்துக்கொள்ளும். அம்மாவின் வாயில் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் பந்தி! சுண்ணாம்பு சேர்ந்தால் சரக்கு வாய்த்தோல் வழியாகச் சீக்கிரம் இறங்கும்.

வாய்ப் புற்றுநோயைச் சொல்லிப் பயமுறுத்தினேன். "ஒன் தம்பிக்கு மொதல்ல சொல்லு" என்றார். அவன் விட்டுவிட்டான், இவர்தான் விடவில்லை என்பதை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

2024 ஜூன் 12, புதன்

வகுப்பு முடிந்தும் கடைசி வரிசைப் பையன் போகவில்லை. பையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"டீச்சர், கெத்தும் எலதான? மரத்துல காய்க்கிறதுதான?"

"மரத்துல காய்க்கிறதெல்லாம் மூளைக்குள்ள போவாதுன்னு யாரு சொன்னா?"

கெடாவில் கெத்தும் மரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வெயிலில் வேலை செய்கிறவர்கள் களைப்புக்கு இலையை மென்றார்கள், காய்ச்சிக் குடித்தார்கள். சட்டத்தில் அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. பினாங்கில் யூ.எஸ்.எம். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்காக அதை ஆராய்கிறார்கள். இலையின் மித்ராஜைனின் உட்காருவதும் தம்பியின் மெத்தடோன் உட்காருகிற அதே மியூவில்தான். ஆனால் முழுதாகத் தட்டி எழுப்பாது. குழாயை எவ்வளவு திருகினாலும் பாதிதான் திறக்கிற மாதிரி. ஈரல் அதில் கொஞ்சத்தை இன்னும் இறுக்கமாக ஒட்டுகிற வேறொன்றாக மாற்றிவிடும். அட்ரினலின் ரிசெப்டர் பக்கமும் அதற்குக் கை நீளம்.

பாதிக் குழாய்தானே என்று அவன் முகம் தெளிவதைப் பார்த்ததும் கேட்டேன்: "வெறும் கெத்தும் தண்ணிதானா?"

கோக்கில் கலந்து, மேலே இருமல் மருந்தாம். இருமல் மருந்தில் இருக்கிற கோடீனில் கொஞ்சம் ஈரலில் மார்ஃபினாக மாறும். பாதிக் குழாய்க்குப் பக்கத்திலேயே முழுக் குழாய். மூச்சை இயக்குகிற மூளைத்தண்டிலும் அதே ரிசெப்டர்கள் இருக்கின்றன, தூக்கத்திலேயே மூச்சு மெதுவாகி நின்றுவிடும் என்று சொன்னேன். யார் குடிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. "கூட்டாளி" என்று அவனாகச் சொன்னான்.

2024 ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. மாமா வந்திருந்தார், பாலில்லாத தே ஓ மட்டும் குடித்தார். குடியை விட்டு ஐந்து வருடம்.

2019இல் தைப்பூசத்துக்கு மாலை போட்டு, சம்சுவை ஒரே நாளில் நிறுத்தினார். எல்லாரும் புகழ்ந்தோம். இரண்டாம் நாள் கை நடுங்கிக் கிண்ணம் விழுந்தது. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டே இருந்தார். எறும்பே இல்லை. அத்தை பூசாரியிடம் கொண்டுபோனார். அங்கேயே வலிப்பு வந்தது. பிறகு கொண்டுபோன இடத்தில் "குடிகாரன்தானே" என்று நீண்ட நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெஞ்சை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

மாமா லோரி ஓட்டியவர். அதனால் லோரியை வைத்தே சொன்னேன். மூளையை அடக்குகிற காபா என்கிற சரக்கின் ரிசெப்டரை மதுபானம் அழுத்தும், அது பிரேக். மூளையை முடுக்குகிற குளுட்டமேட்டின் ரிசெப்டரை அடைக்கும், அது எண்ணெய். தினமும் பிரேக்கிலேயே கால் இருந்தால் வண்டி நின்றுவிடுமே என்று மூளை வருடக்கணக்கில் பிரேக்கைத் தளர்த்தி, எண்ணெயைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று காலை எடுத்தால்?

"எறக்கத்துல பிரேக் இல்லாம முழு எண்ணெ" என்றார் மாமா. "அப்பறம் ஊசி போட்டாங்களே, அது?"

டயஸிபாம். அதே காபா ரிசெப்டரில் வேறொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு பிரேக்குக்குப் பலம் கொடுக்கும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள், மூளை அதற்குள் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும். டாக்டரைப் பார்க்காமல் நீண்ட நாள் குடிகாரர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாலை போடுகிற மாதத்தில் இதைக் கோயில் போர்டில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

"நான் சாமிக் குத்தம்னுல்ல நெனச்சேன்" என்றார் மாமா. தே ஓவுக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார்.

2024 ஜூன் 20, வியாழன்

தம்பிக்கு அளவை 60 மில்லிகிராமிலிருந்து 55 ஆக்கியிருக்கிறார்கள், அவன் கேட்டதால். தூக்கம் கொஞ்சம் கெடுகிறதாம்.

மாலையில் போர்ச்சுக்கு வந்தான். போர்டில் செம்பனை மரமும் சாக்குக்காரரும் இன்னும் அழியாமல் இருந்தார்கள். அவன் தோட்டத்தில் வேலை செய்தவன், நான் புத்தகம் படித்தவள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது தப்பு. பொறுக்குறவங்க ஒரே ஆளு இல்ல. ஒவ்வொரு வெட்டுக்காரனுக்கும் பின்னால ஒரு ஆளு போவும். அடுத்தவன் வெட்டுன பழத்தத் தொட மாட்டாங்க. தொட்டா சண்டதான்."

அது உண்மை, மூளையிலும். டோபமினுக்கு ஒரு டிரான்ஸ்போர்ட்டர், செரட்டோனினுக்கு ஒன்று, நார்அட்ரினலினுக்கு ஒன்று. கொக்கேய்ன் மூன்று பேர் கையையும் பிடிக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃபுளுவாக்ஸெட்டின் செரட்டோனின்காரர் கையை மட்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விட்டிருக்கிறேன்.

சுண்ணக்கட்டியை அவனிடமே கொடுத்தேன். இன்னும் இரண்டு ஆட்களை வரைந்தான். மூன்று பேருக்கும் தலையில் துண்டு. சாக்கு மட்டும் அளவில் பெரிதாகப் போய்விட்டது.