ஒரு ரொபிப் பேணியும் பதினொரு சிவப்புக்கல்லும்

போன கிழமை இன்ஸ்டாவில, நான் நகை செய்து விக்கிற பேஜில, ஒரு பிள்ளை கேட்டிருந்தா, "அக்கா, பேஜில பரம்பரை டிசைன் எண்டு போட்டிருக்கிறீங்கள், அந்த ஒரிஜினல் அட்டியலை ஒருக்கா போட்டோ எடுத்துப் போடுங்கோவன்" எண்டு. ரெண்டு நாளா நான் பதில் போடேல்ல. ஏனெண்டா ஒரிஜினல் இல்லை. கழுத்தை ஒட்டிப் போடுற அம்மம்மாவின்ர அந்த நகையை 98 இல உருக்கியாச்சு.

தாத்தா பத்தர் வேலை, தங்கநகை செய்யிறவர். கொழும்பு செட்டியார் தெருவில, கதிரேசன் கோயிலுக்குக் கிட்ட ஒரு கடையின்ர பட்டறையில இருந்தவர். இப்பிடிச் சொன்னவுடன ஆக்கள் பெரிய நகைக்கடைக் குடும்பம் எண்டு நினைச்சிடுவினம், அதில்லை. கடை முதலாளியின்ர, தாத்தாவுக்குக் கூலி. முன்னுக்கு கண்ணாடி அலுமாரியும் லைட்டும் மினுங்கும், பின்னுக்கு ஒடுங்கின மரப்படியால ஏறினா ஒரு சின்ன அறைக்குள்ள ஏழெட்டுப் பேர் குனிஞ்ச முதுகோட இருந்து ஊதுகுழலை ஊதிக்கொண்டிருப்பினம், அந்தப் படிக்கு மேல கஸ்டமர் ஒருத்தரும் வாறேல்ல. பட்டறை கூட்டிற குப்பையைக் கூட எறியமாட்டினம், அதுக்குள்ள தங்கத்தூள் கிடக்கும், அரிச்செடுக்கிற ஆக்கள் வந்து விலை பேசி வாங்கிக்கொண்டு போவினமாம்.

61 இல அம்மம்மாவைக் கட்டேக்க அந்த அட்டியலைத் தாத்தா தானே செய்து போட்டவர். அவர்ர கொப்பியில "அட்டியல், சிவப்பு 11, 200 மஞ்சாடி" எண்டு பென்சிலால எழுதியிருக்கு. மஞ்சாடி எண்டா இப்ப வாற பிள்ளையளுக்கு விளங்காது. ஒரு பவுண் 8 கிராம், அதில 40 மஞ்சாடி, அப்ப ஒரு மஞ்சாடி 0.2 கிராம். 200 மஞ்சாடி எண்டா அஞ்சு பவுண். இதில எனக்குப் பிடிச்ச விசயம் என்னெண்டா, கல்லு நிறுக்கிற ஒரு கரட்டும் இதே 0.2 கிராம்தான், அந்தக் கரட் எண்ட பேரும் கரோப் எண்ட மரத்தின்ர விதையில இருந்து வந்ததுதான், எங்கட மஞ்சாடியும் ஒரு சிவப்பு விதை. எங்கயோ மத்தியதரைக் கடல் பக்கம் ஒருத்தன் ஒரு விதையைத் தராசில போட்டிருக்கிறான், இங்கயும் ஒருத்தன் போட்டிருக்கிறான். என்ர கஸ்டமரில நுகேகொடையில இருக்கிற ஒரு சிங்கள அன்ரி மட்டும்தான் இண்டைக்கும் என்னட்ட மஞ்சாடியில கணக்குக் கேக்கிறவ, சிங்களத்திலயும் கிட்டத்தட்ட அதே சொல்லுத்தான். வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளையள் "எத்தினை கிராம் அக்கா" தான்.

83 யூலைக் கலவரத்தில கடை எரிஞ்சுது. தாத்தாவும் அம்மம்மாவும் அகதி முகாமில இருந்து கப்பலில காங்கேசன்துறைக்குப் போய், பிறகு யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில ஒரு சொந்தக்காரரின்ர பட்டறையில தொடங்கினவை. அம்மம்மா அட்டியலைப் பாவாடை மடிப்புக்குள்ள வைச்சுத் தைச்சுக்கொண்டு போனவ. 95 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வெளிக்கிட்ட இடப்பெயர்வு, அந்த இரவும் அதே மடிப்புத்தான், நான் அப்ப சின்னப்பிள்ளை, சாவகச்சேரிப் பக்கம் போற றோட்டில மழையும் சனமும்தான் ஞாபகம், நகை ஞாபகம் இல்லை. 97 இல திரும்பக் கொழும்புக்கு வந்தம். 98 இல அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தவுடன, ஒரு யோசினையும் இல்லாமல் அம்மம்மா அதைக் கழட்டிக் குடுத்தா. தாத்தாதான் உருக்கினவர். தான் செய்ததைத் தானே மூசைக்குள்ள போட்டவர். கொப்பியில அடுத்த வரி "உருக்கி எடுத்தது 191". மிச்சம் 9 மஞ்சாடி எங்க எண்டு நான் அம்மாட்டக் கேட்டன், தேய்மானம், கல்லு, உள்ளுக்கு நிரப்பின அரக்கு எண்டு சொன்னா. அதில மூண்டு பவுணில ஒரு பதக்கம் சங்கிலி, மிச்சத்தில ரெண்டு காப்பு. அக்கா அதோட கனடா.

எனக்கு இது கனநாள் கோவம். பிறகு நாலு வீட்டில விசாரிச்சுப் பாத்தா எல்லா வீட்டிலயும் இதே கதைதான். பாட்டியின்ர நகையைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பேத்தி போடுறது எல்லாம் விளம்பரத்தில. எங்கட வீடுகளில பாட்டியின்ர அட்டியல் அம்மாவின்ர சங்கிலி, அம்மாவின்ர சங்கிலி மகளின்ர காப்பு, இடையில ரெண்டு மூண்டு தரம் அடகு, ஒருக்கா தம்பி வெளிநாடு போன ஏஜென்சிக் காசு. தங்கம் அதேதான், உரு மட்டும் நிக்கிறதில்லை. அப்ப நான் எதைப் பரம்பரை எண்டு விக்கிறன்?

2020 மார்ச் ஊரடங்கில அலுமாரி துப்பரவாக்கேக்க தாத்தாவின்ர ரொபிப் பேணி அம்பிட்டுது. நான் அப்ப ஒரு ஒபிசில கணக்கு வேலை, வீட்டில இருந்து லப்டொப்பைத் தட்டிக்கொண்டு இருந்தனான். பேணிக்குள்ள அந்தக் கொப்பி, ஒரு உரைகல்லு, சாமணம், உள்ளங்கை அளவில மூண்டு அச்சு, பஞ்சுக்குள்ள சுத்தின பதினொரு சிவப்புக்கல்லு. உருக்கிறதுக்கு முதல் கழட்டி வைச்சதை ஒருத்தரும் எடுக்கேல்ல. அச்சில ஒண்டு மாங்காய், ஒண்டு பூவிதழ், மற்றது தேஞ்சு போய் என்னெண்டே தெரியேல்ல, அம்மா அன்னம் எண்டுறா, எனக்கு அது கோழி மாதிரித்தான் தெரியுது.

அந்த அச்சை வைச்சு என்ன செய்யிறதெண்டு ஜிந்துப்பிட்டியில இருக்கிற ஒரு பத்தர் அண்ணைதான் காட்டித் தந்தவர். மெல்லிசாத் தட்டின தகட்டை அச்சுக்கு மேல வைச்சு, அதுக்கு மேல ஈயத்தை வைச்சுச் சுத்தியலால அடிக்கோணும், ஈயம் மெது எண்டபடியால தகடு கிழியாமல் பள்ளத்துக்குள்ள இறங்கிப் பூ எழும்பி வரும். பின்பக்கத்துக்கு வேற தகடு, ரெண்டையும் பத்தவைக்கிற பொடி வைச்சு ஊதிப் பொருத்துறது, உள்ளுக்கு அரக்கு. பொடி வைச்சுக் கதைக்கிறது எண்டு சொல்லுவமே, அது இந்தப் பொடிதான், முதல்தரம் அவர் வெண்காரம் தடவி ஊதேக்கதான் எனக்கு விளங்கினது. இப்ப கன பேர் செய்யிறது வார்ப்பு, ஒரு றப்பர் அச்சில இருந்து நூறு மெழுகு எடுத்து வார்க்கலாம், ஒரே மாதிரி இருக்கும், மலிவு. அதைக் குறை சொல்லேல்ல, என்ர தோடுகளில பாதி வார்ப்புத்தான். ஆனா அட்டியல் மட்டும் தாத்தாவின்ர அச்சில அடிச்சதுதான், அச்சில ஒரு மூலை உடைஞ்சிருக்கு, அதால ஒவ்வொரு மாங்காயின்ர நுனியிலயும் ஒரு சின்ன மொட்டை இருக்கும். "டமேஜ்" எண்டு ரெண்டு பேர் திருப்பி அனுப்பினவை. கூரியர் காசு எனக்குத்தான் நட்டம்.

நான் செய்யிறது 925 வெள்ளி, அதாவது ஆயிரத்தில 925 பங்கு வெள்ளி, மேல தங்க முலாம். தங்கத்தில செய்ய எனக்கும் ஆசைதான், ஆனா 22 கரட் பவுண் 2021 இல ஒரு இலட்சத்துச் சொச்சம், 2025 ஒக்டோபரில மூண்டரை இலட்சத்துக்கும் மேல போச்சு, அஞ்சு பவுண் அட்டியலைச் செய்து ஸ்ரொக்கில வைச்சிருக்க நான் ஆர். வெள்ளியில ஒரு பிரச்சினை இருக்கு, அதை ஒருத்தரும் எனக்கு முதல்ல சொல்லேல்ல. அதே அச்சு, அதே தடிப்பு, அதே அளவு, ஆனா தங்கத்தில 40 கிராம் வாற சாமான் வெள்ளியில 23, 24 கிராம்தான் வரும், தங்கம் அவ்வளவு கனமான உலோகம். முதல் செய்ததை அம்மம்மாவின்ர கையில குடுத்தன், அவவுக்கு அப்ப கண் வடிவாத் தெரியாது, கையால தடவிப் பாத்து பூ, மாங்காய் எல்லாம் சரி எண்டு தலையாட்டினவ, பிறகு உள்ளங்கையில வைச்சுத் தூக்கிப் பாத்திட்டு "பிள்ளை காய்ச்சல்ல கிடந்து எழும்பின மாதிரி இருக்கு" எண்டா. அதுக்குப் பிறகு பின் தகட்டைக் கொஞ்சம் தடிப்பாப் போடுறம். கஸ்டமருக்கு விலை கூடிச்சு, பரவாயில்லை.

2022 பொருளாதார நெருக்கடி பற்றி நிறைய எழுதலாம், எழுத மனமில்லை. பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள் முலாம் தொட்டி சும்மா கிடந்தது, ஊதுகுழலுக்குக் கரண்ட் தேவையில்லையே எண்டு சந்தோசப்பட்டா விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை, அண்ணை கியூவில நிண்டார், அவ்வளவுதான்.

காசு விசயத்தில ஒண்டு சொல்லோணும். "தாய்ப்பொன்னிலயும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" எண்டு பழமொழி இருக்கெல்லோ, பள்ளிக்கூடத்தில இதை எனக்கு முன்னாலயே சொல்லிச் சிரிச்சவை. அதாலயோ என்னவோ எனக்கு நிறைக் கணக்கில ஒரு விசர். ஒவ்வொரு சாமானோடயும் வெள்ளி எத்தினை கிராம், அரக்கும் கல்லும் எத்தினை, செய்கூலி எவ்வளவு எண்டு தனித்தனியா எழுதின துண்டு ஒண்டு வைப்பன். அண்ணை சொல்லுறார், இப்பிடி எல்லாத்தையும் திறந்து காட்டினா உனக்கு என்ன மிஞ்சும் எண்டு. உண்மையாவே பெருசா மிஞ்சுறேல்ல. கணக்கு வேலையை இன்னும் விடேல்ல, கிழமையில மூண்டு நாள் போறன், மற்ற நாளில 100 ஆம் நம்பர் பஸ்ஸில ஏறிப் புறக்கோட்டை.

கல்லுக்கு வருவம். அந்தப் பதினொண்டையும் போன வருசம் தெரிஞ்ச ஒரு கல்லு வியாபாரியிட்டக் கொண்டுபோய்க் காட்டினன். பர்மாச் சிவப்பு, பர்மாவில இருந்து வந்த மாணிக்கம் எண்டுதான் எங்கட வீட்டில பரம்பரைக் கதை. அவர் லென்ஸை வைச்சு ஒரு நிமிசம் பாத்திட்டு என்னட்டத் தந்தார், "உள்ளுக்கு வளைஞ்ச கோடு தெரியுதா?" தெரிஞ்சுது, பழைய இசைத்தட்டில இருக்கிற மாதிரி. இயற்கைக் கல்லில அப்பிடி வளைவு வராதாம், இது நெருப்பில உருக்கிச் செய்த கல்லு, வெர்னுய் எண்ட பிரெஞ்சுக்காரன் 1902 இல வெளியிட்ட முறை, அதுக்குப் பிறகு உலகமெல்லாம் கொட்டிக் கிடந்த சாமான். இரத்தினக்கல்லுத் தோண்டுற இரத்தினபுரி இருக்கிற நாட்டில, எங்கட அம்மம்மா 37 வருசம் கழுத்தில கொண்டு திரிஞ்சது ஒரு உலையில பிறந்த கல்லு. தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ? பத்தருக்குத் தெரியாமல் இருக்குமோ? கொப்பியில "சிவப்பு 11" எண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறார், மாணிக்கம் எண்டு எழுதேல்ல. மனுசன் பொய் எழுதேல்ல, ஆனா வாயால என்ன சொன்னாரோ தெரியாது.

இப்ப விசயம் என்னெண்டா, அக்காவின்ர மகளுக்கு வாற ஆவணியில கலியாணம். போன ஞாயிறு அக்கா ஸ்காபரோவில இருந்து கோல் எடுத்தவ. அந்தப் பதக்கம் சங்கிலியைக் கொண்டு வாறாவாம், உருக்கி, தாத்தாவின்ர அச்சில மகளுக்கு அட்டியல் அடிச்சுத் தரட்டாம், தங்கத்தில. மூண்டு பவுணில பழைய அளவு வராது, சின்னனாத்தான் வரும் எண்டன், பரவாயில்லையாம். அண்ணையோட கதைச்சிட்டன், நல்ல நாள் பாத்துச் சொல்லச் சொன்னார். எனக்கு இப்பவே கை நடுங்குது, வெள்ளியில பிழைச்சா திரும்ப உருக்கலாம், இதில ஒவ்வொரு மஞ்சாடியும் அக்கா எண்ணுவா.

வைக்கிறதுக்கு முதல் அக்கா சொன்னது: "அந்தப் பதினொரு பர்மாச் சிவப்பும் இருக்கெல்லோ, அதையே பதிச்சு விடு, என்ன." நான் ஓம் எண்டிட்டன். லென்ஸ் கதையை அவவுக்கு இன்னும் சொல்லேல்ல, இதை வாசிச்சா தெரிஞ்சிடும்.