ஒரு மல்டிமீட்டரும் பழைய காரும்: ஆறு மாதங்களில் செய்து பார்த்தவை

பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் என் சிறிய ஹேட்ச்பேக் காரில் குறைந்த செலவில் என்னென்ன மேம்படுத்தலாம் என்று பார்ப்பதற்காக ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினேன். எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்பும் குறை எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அதனால் முதலில் வாங்கியது காருக்கான பொருளே அல்ல, வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர். இந்த ஆறு மாதங்களில் நான் வாங்கியவற்றுள் அதிகம் உழைத்தது அதுதான்.

முதல் வேலை முகப்பு விளக்கு. இரவில் ஓட்டும்போது வெளிச்சம் மங்கலாக, சற்றே மஞ்சள் பாரித்து இருந்ததால் பல்பு பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, அதிக வாட் பல்பு வாங்கும் எண்ணத்தில் இருந்தேன். இன்ஜினை ஓடவிட்டு அளந்தபோது பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட் இருந்தது. எரிந்துகொண்டிருந்த பல்பின் பின்புறக் கப்ளரில் மீட்டரின் ஊசிகளைச் செருகிப் பார்த்தால் 12.3 வோல்ட்தான் காட்டியது. இடையில் 1.8 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. அதில் 1.4 வோல்ட் பாசிட்டிவ் ஒயரிலும் சுவிட்சிலும், மீதி 0.4 வோல்ட், மைனஸ் ஒயரைக் கார் பாடியோடு இணைக்கும் துருப்பிடித்த எர்த் போல்ட்டிலும் கரைந்துகொண்டிருந்தன. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஃபியூஸ் பெட்டி, ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் எனச் சுற்றிவளைத்து மெல்லிய ஒயர் வழியாக விளக்குக்கு வந்து சேரும் அமைப்பு பழைய கார்கள் பலவற்றில் உண்டு. ஆண்டுகள் ஆக ஆக அந்தச் சுவிட்சின் தொடுமுனைகள் கருகி, தடை கூடிக்கொண்டே போகிறது.

ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் சிறிது குறைந்தாலும் வெளிச்சம் பெரிதாகக் குறைந்துவிடும். வெளிச்சம் ஏறத்தாழ வோல்டேஜின் 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்பதால், வோல்டேஜில் 10 விழுக்காடு போனால் வெளிச்சத்தில் 30 விழுக்காடு போய்விடுகிறது. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது புதிய பல்பு அன்று, ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்.

லோ பீம், ஹை பீம் இழைகள் இரண்டும் ஒன்றாகவே உள்ள எச்4 வகைப் பல்புக்கான ரிலே ஒயரிங் செட் ஆயத்தமாகவே கிடைக்கிறது என்றாலும், நான் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 30 ஆம்பியர் ரிலே இரண்டு, 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு ஆகியவற்றை வாங்கி நானே கட்டினேன். ஒன்று லோ பீமுக்கு, மற்றொன்று ஹை பீமுக்கு. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக வரும் ஒயர் 30இல், விளக்குக்குப் போகும் ஒயர் 87இல், ரிலேயின் சுருளை இயக்கும் பழைய விளக்கு ஒயர் 85, 86இல் என்பதுதான் முழுச் சூத்திரமும். இதன்பிறகு, முன்பு 8 ஆம்பியருக்கு மேல் சுமந்துகொண்டிருந்த சுவிட்ச் 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே சுமக்கிறது. ஃபியூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் வைத்தேன். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சில கார்களில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கத்தில் இல்லாமல் எர்த் பக்கத்தில் இருக்கும். அதை மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விளக்குகளைக் கணினியே கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த வேலைக்குத் தேவையும் இல்லை, அங்கே கைவைப்பதும் சரியில்லை.

எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, மீண்டும் முடுக்கிய பிறகு அதே பல்பின் கப்ளரில் 13.6 வோல்ட் கிடைத்தது. கணக்குப்படி வெளிச்சம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். கண்ணுக்கு என்ன தெரிந்தது என்றால், சாலையோர மண்ணும் தாரும் சந்திக்கும் விளிம்பு இப்போது தெளிவாகத் தெரிகிறது. முன்பு அதை ஊகித்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பல்பின் ஆயுள் இதனால் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே நேரத்தில் என் நண்பர் ஒருவர் தம் காரின் ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பைச் செருகியிருந்தார். இரண்டு கார்களையும் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி ஒப்பிட்டோம். என் காரின் லோ பீம் சுவரில் ஒரு கோடு கிழித்தாற்போல முடிந்தது. கோட்டுக்கு மேலே இருட்டு. அவருடையது மொத்தத்தில் வெண்மையாக, பளீரென்று இருந்தாலும் கோட்டுக்கு மேலேயும் வெளிச்சம் சிதறிக் கிடந்தது. எச்4 பல்பின் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைப்பது அதன் வேலை. பிரதிபலிப்பானின் வளைவு முழுவதும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எல்இடி சில்லுகள் அந்த இடத்திலிருந்து சற்று விலகினாலும் ஒளி எதிரில் வருபவரின் கண்ணுக்குப் போகும். நண்பர் ஒரு வாரம் கழித்து ஹாலஜனுக்கே திரும்பினார். வாங்கிய எல்இடி பல்புகள் அவர் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

இரண்டாவது மாதம் கதவுகளின் பக்கம் போனேன். முன்கதவின் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பா போல ‘டங்’ என்று நீண்டு ஒலித்தது. கதவின் உட்பலகையை, அதாவது மெக்கானிக்குகள் டோர் பேட் என்று சொல்லும் பகுதியைக் கழற்ற இரும்பு ஸ்குரூடிரைவரைப் பயன்படுத்தினால் பெயின்ட் உரியும், கிளிப் உடையும். அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொரு கிளிப்புக்கும் மிக அருகில் நெம்ப வேண்டும். அப்படியும் எனக்கு மூன்று கிளிப்புகள் உடைந்தன. மாற்றுக் கிளிப்புகளை முன்பே வாங்கி வைத்துக்கொள்வதே அறிவு.

உள்ளே ஒட்டியது 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பியூட்டைல் ஷீட். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் கறுப்புப் பசை. கதவுத் தகடு முழுவதையும் இதால் மூடிவிட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தகட்டின் அதிர்வை அடக்குவதுதான் இதன் பணி, ஒலியைத் தடுக்கும் சுவராக நிற்பது அன்று. ஆகவே சட்டகம் இல்லாத பெரிய தட்டைப் பரப்பின் நடுவில், அதன் பரப்பில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடுகிறது. மீதியெல்லாம் பணத்தையும் எடையையும் கூட்டும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, ஷீட்டை வைத்து, சிறிய உருளையால் அலுமினியத்தின் மேலுள்ள கட்டம்கட்டமான வரிகள் மறையும் வரை அழுத்தித் தேய்த்தேன். பிறகு தட்டினால் ‘டொக்’ என்று ஒரே ஓசையுடன் அடங்கியது. கதவைச் சாத்தும் ஒலிகூட மாறியதால், தேவையே இல்லாமல் அன்று பத்துப் பதினைந்து முறை திறந்து மூடிப் பார்த்தேன்.

தவறு இதில்தான் நேர்ந்தது. உட்பலகைக்குப் பின்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதை வெறும் தூசுத்தடை என்று நினைத்து அவசரத்தில் கிழித்து எடுத்துவிட்டு, டேப்பால் அரைகுறையாக ஒட்டி மூடிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பெய்த பெருமழைக்கு மறுநாள் காருக்குள் ஈரத்துணி வாடை. காலடிக் கம்பளத்தை அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. கண்ணாடியின் ரப்பர் விளிம்பைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அது கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதே வடிவமைப்பு; அந்த நீர் உட்பக்கம் வராமல் காப்பது நான் கிழித்த அந்தத் தாள். கம்பளத்தைத் தூக்கி மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தடித்த பாலித்தீன் தாளை அதே வடிவில் வெட்டி, பியூட்டைல் பட்டையால் சுற்றிலும் ஒட்டி, அதன் கீழ்விளிம்பு கதவின் உட்புறமாக இறங்கும்படி செருகிய பிறகே தொல்லை தீர்ந்தது. அடித்துளைகளில் ஒன்றை ஷீட்டின் ஓரம் பாதி மறைத்திருந்ததையும் அப்போதுதான் கண்டேன். கதவுக்குள் காற்றழுத்த உணரி வைத்து அதன் மூலம் பக்கவாட்டு ஏர்பேக்கை இயக்கும் கார்களும் உள்ளன. அத்தகைய கதவில் இந்த வேலையைச் செய்ய நான் துணியமாட்டேன்.

கதவு திறந்திருந்த போதே ஸ்பீக்கர்களையும் மாற்றிவிட்டேன். ஒன்றில் பிளஸ், மைனஸ் மாறிவிட்டதால் பாஸ் ஒலி அடியோடு மறைந்து, புதிய ஸ்பீக்கர் பழையதைவிட மோசமாக ஒலித்தது. 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை ஒயர் முனைகளில் ஒரு கணம் தொடவைத்து, கூம்பு வெளியே நகர்கிறதா உள்ளே போகிறதா என்று பார்த்ததில் பிழை பிடிபட்டது.

டேஷ் கேமராவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு செய்ய வேண்டும் என்று ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடி இணைப்பு கொடுத்தேன். நான்காம் நாள் கார் கிளம்பவில்லை. கேமரா 0.25 ஆம்பியர் எடுக்கிறது. ஒரு நாளைக்கு அது 6 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி கொண்ட, வயதான என் பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே தாளில் போட்டிருக்கலாம். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் கேமராவுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இணைப்புப் பெட்டியில் அந்த அளவு 11.8 வோல்ட்டாக இருந்தது. ஓய்வில் உள்ள ஈய-அமில பேட்டரி 12.2 வோல்ட் காட்டினாலே பாதி காலி என்று பொருள். இப்போது 12.4இல் வைத்திருக்கிறேன், இரவில் சில மணி நேரம் மட்டும் பதிவாகிறது, அது போதும். முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் ஒயரை விடுபவர்கள் அங்கே திரை ஏர்பேக் இருந்தால் அதன் பின்புறமாகவே கொண்டுபோக வேண்டும்.

சக்கரத்தைப் பற்றி அதிகம் யோசித்தேன், கடைசியில் மாற்றவில்லை. என் காரின் டயர் அளவு 165/80 ஆர்14, டயரின் வெளிவிட்டம் 619.6 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 போட்டால் 621.5. ஸ்பீடோமீட்டரில் 0.3 விழுக்காடு வேறுபாடுதான் வரும் என்பதால் கணக்கில் குறையில்லை. ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 120 ஆகக் குறைகிறது. நண்பரின் சக்கரங்கள் அளவிலும் போல்ட் இடைவெளியிலும் பொருந்தியதால் ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். திருப்பங்களில் பிடிப்பு நன்றாக இருந்தது. வேகத்தடையிலும் பள்ளத்திலும் ஒவ்வொரு முறையும் முதுகுத்தண்டு கணக்குச் சொன்னது. பழைய அளவிலேயே, டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீடு குறையாமல், நல்ல டயர்கள் நான்கு வாங்கிக்கொண்டேன்.

கழற்றி எறிந்தவையும் உண்டு. கைக்கடியில் நழுவிய ஸ்டியரிங் உறை, இருக்கையின் ஓரத்திலுள்ள ஏர்பேக் தையலை மூடியிருந்த சீட் கவர், பழைய மிதியடியின் மேலேயே போட்டிருந்த இன்னொரு தடித்த மிதியடி. கடைசியாகச் சொன்னது ஒருமுறை முன்னால் நகர்ந்து ஆக்ஸிலரேட்டர் மிதியின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டது. வெற்றுச் சாலையாக இருந்ததால் கிளட்சை மிதித்து நிறுத்தினேன். இப்போது ஒற்றை மிதியடி, தரையிலுள்ள கொக்கியில் மாட்டியபடி.

பின்கதவுகள் இரண்டும் இன்னும் பாக்கி. ஷீட் இருக்கிறது, உருளை இருக்கிறது, பாலித்தீன் தாளைக்கூட வெட்டி வைத்துவிட்டேன். பின்கதவுக்கான கிளிப் முன்கதவின் கிளிப்பைவிட ஒரு மில்லிமீட்டர் தடிமனானது என்பது வாங்கி வந்து அளந்த பிறகுதான் தெரிந்தது.