தைப்பேயில் விழுந்த விமானம், தேக்காவில் இன்னும் பறக்கிறது

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் பூங்கா வழியாக நடப்பவர்களில் பெரும்பாலோர் கடற்பக்கம் கண்ணை வைத்துக்கொண்டே கடந்து போய்விடுகிறார்கள். மரங்களுக்கு நடுவே, விரித்து வைத்த புத்தகத்தின் வடிவில் நிற்கும் தாழ்வான கல்வெட்டின் முன் நின்று வாசிப்பவர்கள் சிலர்தான். இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச்சின்னம் இருந்த இடம் அது. 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் சந்திர போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கர்னல் ஸ்ட்ரேசியின் பொறுப்பில் சில வாரங்களிலேயே எழும்பிய அந்தச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை, நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் உத்தரவுப்படி வெடிவைத்துத் தகர்த்தது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995இல், தேசிய மரபுடைமைக் கழகம் அந்த இடத்தை அடையாளப்படுத்தியது.

சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் பார்க்கும் இடங்களின் பட்டியலில் இது வராது. நான் வந்ததே இதற்காகத்தான். எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்தில், 1945 ஆகஸ்டில் தைவானின் தைப்பேயில் நடந்த விமான விபத்தில் நேதாஜி இறந்துவிட்டார் என்று பெரியவர்கள் முன்னால் யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவர் உயிரோடு இருக்கிறார் என்று மேடை மேடையாகச் சொன்னவர். நேதாஜியின் மறைவை விசாரிக்க அரசு அமைத்த சா நவாஸ் குழுவின் முன் 1956இல் சென்றபோதும், நேதாஜியின் பெயர் போர்க் குற்றவாளிகள் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பதை அரசு முதலில் தெளிவுபடுத்தட்டும் என்று கேட்டாரே தவிர, தமக்குத் தெரிந்ததாகச் சொன்னதை அவர் வெளியிடவில்லை. அந்த மௌனமே எங்கள் ஊரில் ஆதாரமாகிவிட்டது. விமானம் விழவில்லை என்பார்கள், விழுந்தாலும் அதில் அவர் இல்லை என்பார்கள், ரஷ்யாவுக்குப் போன அவரை ஸ்டாலின் சிறையில் வைத்துக் கொன்றுவிட்டார் என்பார்கள். கடைசிக் கதையில் மட்டும் குரல் தாழ்ந்து, தில்லியில் இருந்தவர்களுக்கும் அது தெரியும் என்று சேர்த்துக்கொள்வார்கள்.

பூங்காவுக்கு எதிரே பாடாங் திடல். 1943 ஜூலை 5 அன்று, அன்றைய நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் அணிவகுத்து நின்ற படையைப் பார்த்து போஸ் ‘டில்லி சலோ’ என்று முழங்கியது இங்கேதான். மறுநாள் ஜப்பானியப் பிரதமர் டோஜோவே வந்து அணிவகுப்பைப் பார்த்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1945 செப்டம்பர் 12 அன்று, அதே கட்டடத்தில்தான் ஜப்பானியத் தளபதிகள் மவுண்ட்பேட்டனிடம் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தக் கட்டடம் இப்போது தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. இந்த மண்ணில் போஸின் நினைவு எல்லோருக்கும் இனிமையானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்: பூங்காவிலேயே சற்றுத் தள்ளி, ஜப்பானியரை எதிர்த்து இயங்கி அவர்களுடைய சிறையில் மாண்ட லிம் போ செங்கின் நினைவு மண்டபம் நிற்கிறது. சாலையின் அந்தப் பக்கம், ஆக்கிரமிப்புக் காலத்தில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்காக எழுப்பிய நான்கு வெண்தூண்கள் உயர்ந்து நிற்கின்றன.

டோபி காட் நிலையத்தில் இறங்கினால் கேத்தே கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய முகப்பை மட்டும் பாதுகாத்துவிட்டுப் பின்னால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிவிட்டார்கள். 1943 ஜூலை 4 அன்று இந்திய சுதந்திர லீக்கின் தலைவராக இருந்த ராஷ் பிகாரி போஸ் தலைமைப் பொறுப்பைச் சுபாஷ் போஸிடம் ஒப்படைத்ததும், அக்டோபர் 21 அன்று தற்காலிக சுதந்திர அரசு அறிவிக்கப்பட்டதும் இங்கே இருந்த திரையரங்கில். இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அமைந்திருந்த வாட்டர்லூ தெருவும் நடந்து போகும் தூரம்தான். சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன்தான் அதன் தளபதி. படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். முகாம் இருந்ததற்கான தடயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இப்போது அந்தத் தெருவில் குவான் இன் கோயிலும் அதற்கு இரண்டு எட்டுத் தள்ளிக் கிருஷ்ணன் கோயிலும், இரண்டிலும் ஊதுபத்தி ஏற்றும் சீனர்களும்தான்.

இந்தச் சிங்கப்பூர் நாள்களில் எதைப் பற்றியும் தகராறு கிடையாது. 1945 ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போஸ் மலாயாவின் சிரம்பானில் இருந்தார். ஜப்பான் பணியப்போகிறது என்ற செய்தி அங்கேதான் எட்டியது. சிங்கப்பூர் திரும்பினார், தம் அமைச்சர்களோடு உட்கார்ந்து பேசினார், 16ஆம் தேதி காலை விமானமேறி பாங்காக் போனார். மறுநாள் சைகோன். அங்கே ஜப்பானியர்கள் தங்கள் குண்டுவீச்சு விமானத்தில் முதலில் ஒரே ஓர் இடம் தருவதாகச் சொல்லி, கெஞ்சிக் கேட்டபின் இன்னொன்று தந்தார்கள். போஸ் தம்மோடு அழைத்துக்கொண்டது கர்னல் ஹபிபுர் ரஹ்மானை. விளம்பரத்துறை அமைச்சராக இருந்த எஸ்.ஏ. ஐயர், நம் தமிழர், சைகோனிலேயே விடப்பட்டார். அந்த இரண்டாவது இடம் ஐயருக்குக் கிடைத்திருந்தால் இந்த வழக்கின் முதல் சாட்சி தமிழில் பேசியிருப்பார் என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

ஆகஸ்ட் 18 பிற்பகல், தைப்பே விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பிய சில நொடிகளில் விமானம் விழுந்தது. பெட்ரோல் நனைந்த உடையோடு நெருப்பைத் தாண்டி வெளியே வந்த போஸின் மேல் தீப்பற்றியது. அணைக்க முயன்ற ஹபிபுர் ரஹ்மானின் கைகள் வெந்தன. இராணுவ மருத்துவமனையில் டாக்டர் யோஷிமி சிகிச்சை அளித்தார். அன்று இரவே போஸ் இறந்தார். அவரோடு பயணம் செய்த ஜெனரல் ஷிடேயும் அந்த விபத்தில் மாண்டார்.

சந்தேகம் எழுந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. 1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து பட்டாணியர் வேடத்தில் தப்பியவர், 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் பாதி உலகைச் சுற்றி வந்தவர் அவர். அதைவிட முக்கியமானது, 1942 மார்ச்சிலேயே அவர் விமான விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வெளியாகி, காந்தி அவருடைய தாயாருக்கு அனுதாபத் தந்தி அனுப்பி, பிறகு அது பொய்யென்று தெரிந்தது. 1945இல் ஜப்பானின் டோமேய் செய்தி நிறுவனம் இறப்பை அறிவிக்க ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. அந்த அறிவிப்பும் அவர் ஜப்பானில் ஒரு மருத்துவமனையில் இறந்ததாகத் தவறாகச் சொன்னது. வைஸ்ராய் வேவலே, தலைமறைவாகப் போக நினைக்கும் ஒருவர் இப்படித்தானே செய்தி பரப்புவார் என்ற பொருளில் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எதிரியின் அரசாங்கமே நம்பாத ஒன்றை முதுகுளத்தூர் எப்படி நம்பும்?

அதன்பின் விசாரணைகள். 1956இல் சா நவாஸ் குழு விபத்து உண்மை என்றது. குழுவில் இருந்த போஸின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் கையெழுத்திட மறுத்துத் தனி அறிக்கை எழுதினார். 1974இல் கோஸ்லா ஆணையமும் விபத்து உண்மை என்றது. 2005இல் முகர்ஜி ஆணையம், விபத்தே நடக்கவில்லை, டோக்கியோ ரென்கோஜி ஆலயத்தில் போஸுடையது என்று வைத்திருப்பது இச்சிரோ ஒக்குரா என்ற ஜப்பானியச் சிப்பாயின் அஸ்தி என்று சொன்னது. அடுத்த ஆண்டு மத்திய அரசு அதை ஏற்க மறுத்தது. அன்றைய தேதியில் விபத்து நடந்ததற்குத் தங்களிடம் பதிவு இல்லை என்று தைவான் தந்த பதிலை முகர்ஜி ஆணையம் பெரிதாக எடுத்துக்கொண்டது. 1945 ஆகஸ்டில் தைவான் ஜப்பானின் கையில் இருந்தது, சீனர்களின் நிர்வாகத்துக்கு வந்ததே அக்டோபரில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பதிலின் எடை குறைந்துவிடுகிறது. பைசாபாத்தில் 1985இல் இறந்த சாமியார்தான் நேதாஜி என்ற கதையும் மரபணுச் சோதனையில் நிற்கவில்லை. பத்தாண்டுக் கணக்கில் பூட்டி வைத்த கோப்புகளை 2015இல் மேற்கு வங்கமும் 2016இல் மத்திய அரசும் வெளியிட்டபோது, சைபீரியாவில் கொலை என்பதற்கு ஒரு வரி சாட்சியமும் அவற்றிலிருந்து கிடைக்கவில்லை. பூட்டி வைத்ததுதான் பெரிய பாவம் என்பேன். உள்ளே ஒன்றுமில்லாத பெட்டிக்கு இத்தனை பூட்டு போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

இந்தக் கதைகளில் என்னை உறுத்துவது வேறொன்று. எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் ஹபிபுர் ரஹ்மானைப் பொய்யராக்காமல் அது நகராது. வெந்த கைகளோடு மருத்துவமனையில் கிடந்து, டோக்கியோவில் ஐயரிடம் நடந்ததைச் சொல்லி, பாகிஸ்தான் குடிமகனான பிறகும் 1956 குழுவின் முன் வந்து அதையே சொன்னவர் அவர். தலைவரின் கட்டளைப்படி பொய் சொன்னார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கோப்பு கிடைத்தால் போலி, கிடைக்காவிட்டால் மறைத்துவிட்டார்கள், சாட்சி வந்தால் விசுவாசத்தால் பொய் சொல்கிறார் என்று எல்லா வாசலையும் அடைத்துக்கொண்ட பிறகு அங்கே விசாரணைக்கு என்ன வேலை இருக்கிறது? சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பெண்கள் கழற்றிக் கொடுத்த நகைகள் போஸின் பெட்டிகளில் இருந்தன. விபத்து நடந்த இடத்தில் பொறுக்கிய, கரிந்து உருகிய மிச்சம் டோக்கியோ போய், பின்னர் தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. விழாத விமானத்தில் நகை எப்படிக் கரிந்தது என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். அந்தத் தங்கத்தில் பெரும்பகுதியை யார் எடுத்தார்கள் என்ற இன்னொரு கதை தொடங்கும். அந்தக் கேள்வியிலாவது நியாயம் உண்டு.

மாலையில், லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையின் உணவுக் கடைப் பக்கம் ஒரு பெரியவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போய்வந்ததாகச் சொன்னதும், தே தாரிக்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். அவருடைய தாயார் ஜொகூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து ஜான்சி ராணிப் படைக்குப் போனவர். தாலியைத் தவிர மற்றதையெல்லாம் நிதிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவர்.

“எங்கம்மா கடைசி வரைக்கும் நம்பல தம்பி. அவர் ரஷ்யா போயிட்டார், அங்கதான் முடிச்சிட்டாங்கன்னுதான் சொல்வாங்க” என்றார்.

ஹபிபுர் ரஹ்மானைப் பற்றி நான் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். முகாமில் கற்றுக்கொண்ட அணிவகுப்பை அம்மா எழுபது வயதிலும் கூடத்தில் நடந்து காட்டுவார் என்றார். இடது கையை விறைப்பாக உடம்போடு ஒட்டி வைத்து, உட்கார்ந்தபடியே எனக்கும் காட்டினார். துப்பாக்கியின் எடை, கேழ்வரகுக் கஞ்சி, லட்சுமி அம்மாவின் குரல் என்று அவர் சொல்லிக்கொண்டே போனவற்றில் ஒன்றைக்கூட எங்கள் ஊர் மேடைகளில் நான் கேட்டதில்லை. தைப்பேயைப் பற்றிப் பேசிய வாய்கள் இந்த அம்மாக்களைப் பற்றிப் பேசியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு அப்போதுதான் வந்தது.

நான் படகுத்துறைப் பேச்சை எடுத்தேன். காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி 1948 மார்ச்சில் இதே சிங்கப்பூர்க் கடலில் கரைக்கப்பட்டது. கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் அதற்கான நினைவுப் பலகை 2018இல் திறக்கப்பட்டது. போஸின் அஸ்தியோ 1945 செப்டம்பரிலிருந்து ரென்கோஜியிலேயே இருக்கிறது. அவருடைய மகள் அனிதா போஸ் பாஃப், மரபணுச் சோதனை நடத்துங்கள், அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவாருங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார். சோதனையில் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வீர்களா ஐயா என்று கேட்டேன்.

“யார் சோதிக்கிறாங்கங்கறதப் பொறுத்தது தம்பி” என்றார் அவர். ஜப்பான்காரன் செய்தால் நம்ப முடியாது, இந்திய அரசாங்கம் செய்தால் அதைவிட நம்ப முடியாது என்று விளக்கவும் செய்தார். அந்த மகளே பக்கத்தில் நின்று செய்யச் சொன்னால் என்று விடாமல் கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பெண் சொன்னால் சரிதான், ஆனால் தன் அம்மா அப்போதும் நம்பியிருக்க மாட்டார் என்றார்.